சட்டையைப் பிடித்தாலும் கேஸ்தான்! தள்ளுமுள்ளு முதல் அரிவாள் வெட்டு வரை சட்டம் சொல்வது என்ன?

உடுமலை:-

"ஏனுங்க, சும்மா தள்ளித்தானுங்க விட்டேன். இதுக்கெல்லாமா கேஸு போடுவாங்க?"

போலீஸ் நிலைய வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. வரப்பு தகராறு, வாய்க்கால் தண்ணீர் தகராறு, சந்தையில் கடை போடும் இடத்துக்கான தகராறு என்று எதில் ஆரம்பித்தாலும் கடைசியில் கை நீளுகிறது. அப்படி நீண்ட கை எந்த அளவுக்கு போனது என்பதை வைத்துத்தான் வழக்கின் தலையெழுத்து தீர்மானிக்கப்படுகிறது. ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு முடிவதும் உண்டு, ஆயுள் முழுக்க ஜெயிலில் கிடப்பதும் உண்டு.

1862-ல் அமலுக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் நடைமுறையில் உள்ளது. பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. ஆனால் அடிதடி பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் பழையபடியேதான் இருக்கின்றன.

தொடாமலே பலப்பிரயோகம்

பலப்பிரயோகம் என்றால் அடிப்பது மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. புதிய சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, ஒருவரை அசைய வைத்தாலும், போகிற போக்கை மாற்றினாலும், போகவிடாமல் நிறுத்தினாலும் அது பலப்பிரயோகம். உடம்பில் கை பட வேண்டும் என்பது கூட இல்லை. அவர் உடுத்திய துணி, கையில் வைத்திருக்கும் பை மீது பட்டு அதை அவர் உணர்ந்தாலே போதும்.

இதை மூன்று வழியில் செய்யலாம் என்கிறது சட்டம். ஒன்று, சொந்த உடல் பலம். இரண்டு, ஒரு பொருளை ஏற்பாடு செய்து விட்டு ஒதுங்கிக்கொள்வது. கரையில் கட்டியிருக்கும் படகில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது கயிறை அவிழ்த்து விடுவதை சட்டமே உதாரணமாக காட்டுகிறது. மூன்று, மிருகத்தை கிளப்பி விடுவது. நாயை ஏவி விட்டாலும், ஆள் ஏறியிருக்கும் வண்டியின் மாட்டை அடித்து ஓட விட்டாலும் கணக்கு ஒன்றுதான். "நான் தொடவே இல்லீங்க, நாய்தான் பாஞ்சுது" என்ற பேச்சு கோர்ட்டில் எடுபடாது.

எல்லா பலப்பிரயோகமும் குற்றம் இல்லை. பஸ் கூட்டத்தில் தெரியாமல் இடித்தால் குற்றம் இல்லை. முடி வெட்டுபவரும் டாக்டரும் நம் சம்மதத்தோடுதான் தொடுகிறார்கள். சம்மதம் இல்லாமல், வேண்டும் என்றே, காயமோ பயமோ எரிச்சலோ உண்டாக்கும் நோக்கத்தில் செய்தால்தான் அது 129-வது பிரிவின்படி குற்றம். சட்டையைப் பிடித்து உலுக்குவது இதில்தான் வருகிறது.

கையை ஓங்கினால்?

அடிக்கவே வேண்டாம். இப்போதே அடித்து விடுவான் என்று எதிரில் இருப்பவர் பயப்படும்படி கையையோ தடியையோ ஓங்கினாலே தாக்க முற்பட்ட குற்றம் ஆகிவிடும். வெறும் வாய்ப்பேச்சு இந்தப் பிரிவில் வராது. (கொன்றுவிடுவேன் என்று மிரட்டினால் அதற்கு தனிப்பிரிவு இருக்கிறது.) கை ஓங்கியதற்கும், பிடித்துத் தள்ளியதற்கும் 3 மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதையே ஒரு பெண்ணிடம் மானபங்கம் செய்யும் நோக்கத்தில் செய்தால் கதையே வேறு. 74-வது பிரிவுப்படி குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. போலீஸ் நேரடியாக கைது செய்யலாம். கடமையைச் செய்யும் அரசு ஊழியரைத் தடுக்க கை வைத்தால் 2 ஆண்டு வரை சிறை. பஸ் கண்டக்டரிடம் சட்டையை மடித்துக்கொண்டு போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

15 நாள் கணக்கு

வலி உண்டாக்கினாலே அது சட்டப்படி "காயம்". ரத்தம் வர வேண்டியதில்லை. சாதாரண காயத்துக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. இதில் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. "புகார் குடுத்தும் ஒண்ணும் பண்ணலை" என்ற ஆதங்கத்துக்கு பல நேரம் இதுவே காரணம்.

அடுத்த படி கொடுங்காயம். கண் பார்வை போவது, காது கேட்காமல் போவது, உறுப்பை இழப்பது, முகம் நிரந்தரமாக சிதைவது, எலும்பு முறிவது எல்லாம் இதில் அடங்கும். ஒரு பல் உடைந்தாலும் கொடுங்காயம்தான். 15 நாள் கடுமையான வலியில் கிடந்தாலோ, வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயம். பழைய சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது. மில் வேலைக்கும் தோப்பு வேலைக்கும் போகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியமான மாற்றம். இவ்வளவு பெரிய காயம் ஏற்படும் என்று தெரிந்தே அடித்தது நிரூபணம் ஆனால் 7 ஆண்டு வரை சிறை. அரிவாள், கத்தி, தீ, கொதிக்கும் எண்ணெய் போன்றவற்றால் கொடுங்காயம் ஏற்படுத்தினால் ஆயுள் தண்டனை வரை போகும்.

இந்த இடத்தில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். அரசு ஆஸ்பத்திரிக்கு போனதும் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். யார் அடித்தது, எதால் அடித்தது, எத்தனை மணிக்கு என்று கேட்பார். புருஷன் அடித்த பெண்கள் பலர் "மாடிப்படியில விழுந்துட்டேனுங்க" என்று சொல்லி விடுகிறார்கள். நாலு நாள் கழித்து உண்மையைச் சொன்னாலும், எதிர்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அந்தச் சீட்டைத்தான். வீட்டுக்குள் கை ஓங்குவதும் தள்ளுவதும் 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறை தடுப்பு சட்டத்தில் உடல் ரீதியான கொடுமையாகவே சொல்லப்பட்டு இருக்கிறது.

உடுமலை பார்த்த உச்சகட்டம்

2016 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை. உடுமலை பஸ் நிலையம் அருகே பட்டப்பகலில் நடந்ததை நாடே கேமரா பதிவில் பார்த்தது. குமரலிங்கத்தைச் சேர்ந்த என்ஜினீயரிங் மாணவர் சங்கரும், சாதி மாறி அவரைக் காதலித்து மணந்த கவுசல்யாவும் மோட்டார் சைக்கிளில் வந்த கும்பலால் வெட்டப்பட்டனர். சங்கர் இறந்தார். தலையில் பலத்த வெட்டுக்காயத்துடன் கவுசல்யா உயிர் பிழைத்தார்.

ஒரே கும்பல், ஒரே நேரம். ஆனால் சங்கரை வெட்டியது கொலை, கவுசல்யாவை வெட்டியது கொலை முயற்சி. சாவு நேரவில்லை என்பதால் வெறும் காயம் என்று ஆகிவிடாது. கொல்லும் நோக்கம் இருந்ததா என்றுதான் சட்டம் பார்க்கும். கத்தியைத் தொடாதவர்களும் சதியில் பங்கு இருந்தால் அதே தண்டனைக்கு ஆளாகலாம். ஆனால் அந்தச் சதியை போலீஸ் நிரூபிக்க வேண்டும்.

இந்த வழக்கில் அது எவ்வளவு கஷ்டம் என்பது தெரிந்தது. 2017 டிசம்பர் 12-ல் திருப்பூர் கோர்ட்டு, கவுசல்யாவின் தந்தை உள்பட 6 பேருக்கு தூக்கு தண்டனை விதித்தது. 2020 ஜூன் 22-ல் சென்னை ஐகோர்ட்டு, சதி நிரூபிக்கப்படவில்லை என்று தந்தையை விடுதலை செய்தது. மற்ற 5 பேரின் தூக்கு, சலுகை இல்லாமல் குறைந்தது 25 ஆண்டு அனுபவிக்க வேண்டிய ஆயுள் தண்டனையாக குறைந்தது. இதை எதிர்த்து வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு போனது.

புதிய சட்டத்தில் 103(2) என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டு இருக்கிறது. 5 பேருக்கு குறையாத கும்பல் சாதி, இனம், மொழி போன்ற காரணத்துக்காக கொலை செய்தால் அந்தக் கும்பலில் ஒவ்வொருவருக்கும் தூக்கு அல்லது ஆயுள் தண்டனை. சங்கர் காலத்தில் இப்படி தனிப்பிரிவு கிடையாது.

திருப்பி அடிக்கலாமா?

உயிருக்கு ஆபத்து என்றால் தடுத்து அடிக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. கொல்ல வருபவனை, கற்பழிக்க வருபவனை, ஆசிட் வீச வருபவனைத் தடுக்கும்போது அவன் செத்துப்போனால் கூட சட்டம் காப்பாற்றும். ஆனால் தேவைக்கு மேல் ஒரு அடியும் கூடாது. அடித்து விட்டு ஓடுகிறவனை துரத்திப் போய் வெட்டினால் அது தற்காப்பு ஆகாது, பழிவாங்கல். இந்த வித்தியாசம் தெரியாமல் புகார் கொடுக்க வந்தவரே எதிர் வழக்கில் குற்றவாளி ஆவதும் உண்டு.

புகார் கொடுத்தால் மனு ஏற்பு ரசீதை கேட்டு வாங்க வேண்டும். வழக்குப் பதிவானால் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாக தர வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் பேசலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு இதில் வருமான வரம்பு கிடையாது. பெண்களுக்கான உதவி எண் 181.