ஆராய்ச்சி நிலையத்திற்கு ஒரே குறி இடுக

அக்கராயன் குளத்தின் கீழ் நெல் விதைக்கும் கமக்காரரும், மேட்டுக்காணியில் மிளகாய், கத்தரி செய்கைபண்ணுவோரும், பயிரில் இனந்தெரியாத நோய் கண்டால் ஆலோசனை தேடிக் கிளிநொச்சிக்குச் செல்ல நேரிடும். இக்காலத்தில் கைத்தொலைபேசியிலுள்ள தேசப்படமே பலருக்கு வழிகாட்டி. அதில் ஆராய்ச்சி நிலையம், விதைப் பண்ணை, அலுவலகம் ஆகியவை பிரித்தறிய முடியாதவாறு குறிக்கப்பட்டிருந்தால், வாடிய செடியுடன் சென்றவர் தவறான வாயிலில் நிற்பார். கபிலநிறத் தத்தி பரவும் வேளையில் ஒரு நாட் தாமதமும் நட்டமே.

கூட்டுத் தேசப்படம் யாது?

2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ஓப்பன் ஸ்ரீற் மப் என்பது, பொதுமக்கள் கூடி இணையத்தில் வரையும் உலகப் படமாகும். எவரும் அதனைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். கணக்கொன்றைத் திறந்து திருத்தவும் செய்யலாம். ஓரிடம் இன்ன வகையென்பதைக் கணினி அதற்கு இடப்பட்ட குறியைக் கொண்டே அறியும். பெயர் மட்டும் போதாது.

குறி ஏன் ஒன்றாதல் வேண்டும்?

விதை நெல்லை நோக்குக. பீ.ஜீ. 300 என்றதும் பத்தலகொடையில் உருவான மூன்று மாத நெல் என்றும், ஏ.ரி. 362 என்றதும் அம்பலாந்தோட்டையில் உருவான மூன்றரை மாதச் சிவப்பு நெல் என்றும் அறிகின்றீர்கள். அவரவர் மனம்போனபடி பெயரிட்டால் எது எவ்விதையென யார் அறிவார்? படத்திலும் அவ்வாறே. ஆராய்ச்சி நிலையத்தை ஒருவர் ‘ஆராய்ச்சி நிறுவகம்’ என்னும் பொதுவசதிக் குறியாலும், மற்றொருவர் ‘ஆராய்ச்சி’ என்னும் அலுவலகக் குறியாலும், வேறொருவர் வெறும் ‘அரச அலுவலகம்’ என்றும் குறிப்பர். ஒரு குறியைக் கொண்டு தேடுபவருக்கு ஏனையவை அகப்படா.

செய்ய வேண்டியவை

1. ஆராய்ச்சி நிலையத்தின் வளவு முழுவதற்கும் எல்லை வரைந்து, ‘ஆராய்ச்சி நிறுவகம்’ என்னும் குறியை இடுக. உள்ளேயுள்ள பரிசோதனை வயலை விளைநிலமெனத் தனியே வரைக.

2. நிருவாகம் மட்டும் நடைபெறும் கட்டடத்திற்கு அரச அலுவலகக் குறியே பொருந்தும். கமநல சேவை நிலையம் ஆராய்ச்சி நிலையமன்று. அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தைச் சேர்ந்தது.

3. நடத்துவோர் என்னுமிடத்தில் ‘விவசாயத் திணைக்களம்’ எனவும், அதன் வகை ‘அரசு’ எனவும் எல்லா நிலையங்களுக்கும் ஒரேவிதமாக எழுதுக.

4. பிராந்திய விவசாய ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் போன்ற நீண்ட பெயரைச் சுருக்காது, பெயர்ப்பலகையில் உள்ளவாறே தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகியவற்றிற்குரிய இடங்களில் எழுதுக.

5. மக்கள் நுழையும் வாயிலைத் தனிப்புள்ளியாகக் காட்டுக. வளவின் நடுப்புள்ளி வழிகாட்டாது.

6. வன்னியில் போர்க்காலத்தில் அலுவலகங்கள் பல இடம்பெயர்ந்தன. பழைய இடத்தில் எஞ்சியுள்ள குறியைக் கண்டால், நேரிற் சென்று உறுதிசெய்த பின் திருத்துக.

7. வேறு நிறுவனங்களின் படங்களைப் பார்த்து எழுதற்க. அது உரிமை மீறலாகும்.

வீட்டில் உயர்தரம் கற்கும் பிள்ளை இருந்தால் இவ்வேலையை அவரிடம் ஒப்படைக்கலாம். எந்த வாயில் சரியானதென்பதை அங்கு சென்றுவந்த நீங்களே அவருக்குச் சொல்லுதல் வேண்டும். படம் திருந்தும்வரை, நோயுற்ற பயிருடன் புறப்படுமுன் விவசாயத் திணைக்களத்தின் 1920ஆம் இலக்கத்துடன் தொடர்புகொண்டு, செல்லவேண்டிய இடத்தை அறிந்துகொள்க.

இன்று நீங்கள் இடும் ஒரு சரியான குறி, நாளை அயற்கிராமத்துக் கமக்காரரின் பயிரைக் காக்கும்.