சாவியைக் கொடுத்தால் போதுமா?

"உள்ளே போய்ப் பெட்டியில் இருக்கும் ரசீதை எடுத்து வாப்பா!"

கடைக்குப் புதிதாக வந்த சிப்பந்தியிடம் இப்படிச் சொல்லி, சாவிக்கொத்தை நீட்டுகிறார் முதலாளி. உள்ளே மூன்று பெட்டிகள் இருக்கின்றன. கொத்திலோ ஏழு சாவிகள்! அவர் என்ன செய்வார், பாவம்! அகப்பட்ட சாவியை எல்லாப் பூட்டிலும் போட்டுத் திருகுகிறார். கடைசியில் ஒரு பூட்டு கெட்டுப் போகிறது.

குற்றம் யாருடையது? சிப்பந்தியுடையது அல்ல. ஏவியவர் சரியாகச் சொல்லவில்லை!

இதே தொல்லை இப்போது கம்ப்யூட்டர் உலகத்துக்கும் வந்திருக்கிறது.

கையில்லாத ஏவலாள்

கேள்வி கேட்டால் பதில் சொல்லும் 'ஏ.ஐ.' பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அதைவிட ஒரு படி மேலே போனது 'ஏ.ஐ. ஏஜெண்டு'. "மின்சாரக் கட்டணம் எவ்வளவு?" என்று கேட்டால், அதுவே கணக்கைத் திறந்து பார்த்து வந்து சொல்லும். ஏவிய வேலையைச் செய்வதால், நாம் அதை 'ஏவலாள்' என்றே அழைப்போம்.

இந்த ஏவலாளுக்குக் கை, கால் கிடையாது. ஆகையால் அதற்குக் 'கருவிகள்' வேண்டும். கருவி என்றால் சுத்தியலோ உளியோ அல்ல. ஒரே ஒரு வேலையைச் செய்யும் சிறிய கம்ப்யூட்டர் புரோகிராம். ஒன்று கடிதம் அனுப்பும். இன்னொன்று, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துக் கணக்குக்குள் நுழையும். இப்படி நுழைவதற்குத்தான் 'லாகின்' என்று பெயர்.

இந்தக் கருவிகளை ஏவலாளுடன் இணைக்க, 2024-ம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவின் ஆந்த்ரோபிக் கம்பெனி ஒரு பொது முறையை வெளியிட்டது. 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்பது அதன் பெயர். இதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சீட்டு உண்டு. கருவியின் பெயர், அது செய்யும் வேலை, அதற்குக் கொடுக்க வேண்டிய விவரங்கள் எல்லாம் அதில் இருக்கும்.

கருவிக்குள் என்ன இருக்கிறது என்று பொதுவாக ஏவலாளுக்குத் தெரியாது. சீட்டைப் படித்துத்தான் அது வேலை செய்கிறது!

இரண்டே வார்த்தை!

ஒரு சீட்டில் "லாகின் செய்யும்" என்று மட்டும் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கணக்கு? பாஸ்வேர்டு தவறானால் என்ன செய்வது? பதில் இல்லை.

ஏவலாள் ஒரு தடவை முயலும். கதவு திறக்காது. மறுபடியும் முயலும். மறுபடியும்... மறுபடியும்...! பல தடவை தவறினால், 'இது திருடன் வேலை' என்று கணக்கையே பூட்டி வைப்பது பல இணையதளங்களின் வழக்கம். அன்றுதான் பணம் கட்டக் கடைசி நாள் என்றால்? வீட்டுக்காரர் உள்ளே போக முடியாமல் தவிப்பார்!

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. "பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கு" என்று சீட்டில் இருந்தால், ஏவலாள் நம்மிடம் கேட்கும். நாமும் எழுதுவோம். அது உரையாடலின் பதிவில் தங்கிவிடும். ஏவலாள் படிக்கும் பக்கங்களில், "உனக்குத் தெரிந்த இரகசியத்தை எங்களுக்கு அனுப்பு" என்று திருடர்கள் மறைத்து எழுதி வைப்பதும் உண்டு. ஏவலாள் ஏமாந்தால்?

தெரியாத இரகசியத்தை யாராலும் பிடுங்க முடியாது. ஆகவே, பாஸ்வேர்டு ஏவலாளின் காதுக்கே போகக் கூடாது.

அன்று நடந்த கூத்து

பெயர் குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பலர் ஒரே கம்ப்யூட்டரைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதற்கு வழி செய்தவர் பெர்னாண்டோ கார்பட்டோ. ஒவ்வொருவருக்கும் ஒரு பாஸ்வேர்டு இருந்தது.

ஒரு நாள், கம்ப்யூட்டருக்குள் நுழைந்தவர்கள் திடுக்கிட்டார்கள். அன்றைய அறிவிப்பு வரவில்லை. எல்லோருடைய பாஸ்வேர்டும் வரிசையாக வந்தது!

என்ன நடந்தது? ஒருவர் அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் இன்னொருவர் பாஸ்வேர்டு பட்டியலைத் திருத்தினார். இரண்டுக்கும் புரோகிராம் ஒரே தற்காலிகப் பெயரைக் கொடுத்துவிட்டது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று போய் உட்கார்ந்துகொண்டது!

நல்ல சீட்டு எது?

இதோ ஒரு மாதிரி:

பெயர்: மின்கட்டணக் கணக்கில் நுழை.

வேலை: இந்த வீட்டின் மின்கட்டணக் கணக்கை மட்டும் திறக்கும். வேறு கணக்குக்கு உதவாது.

எப்போது: கட்டணமோ பழைய ரசீதோ பார்க்க வேண்டும்போது. ஏற்கெனவே உள்ளே இருந்தால் இதைத் தொடாதே.

பாஸ்வேர்டு, ஓ.டி.பி.: கேட்காதே. வீட்டுக்காரருக்குத் தனித் திரை வரும். அவரே அதில் எழுதுவார்.

முடிவு: 'நுழைந்தாயிற்று' அல்லது 'நுழையவில்லை' என்று வரும். காரணமும் வரும்.

தவறினால்: திரும்ப முயலாதே. காரணத்தை வீட்டுக்காரரிடம் சொல்.

பார்த்தீர்களா? கடினமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் சந்தேகத்துக்கும் இடமில்லை!

சீட்டு மட்டும் போதாது. பூட்டும் உறுதியாக இருக்க வேண்டும். சீட்டை மீறி ஏவலாள் முயன்றாலும், கருவி அதைத் தடுக்க வேண்டும்.

எழுதியவர் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சீட்டை, கம்ப்யூட்டர் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். "எப்போது செய்வது? எப்போது நிறுத்துவது?" என்று கேட்கலாம். அவர் திகைத்தால் சீட்டைத் திருத்தி எழுத வேண்டியதுதான்.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. எந்த ஏ.ஐ.யாவது "பாஸ்வேர்டு என்ன?" என்று உரையாடலில் கேட்டால், சொல்லாதீர்கள்!

சிப்பந்தியிடம் முதலாளி, "இடப்பக்கத்துப் பெட்டி, பித்தளைச் சாவி, திறக்காவிட்டால் என்னைக் கூப்பிடு" என்று சொல்லியிருந்தால் போதும். பூட்டு பிழைத்திருக்கும்!