ஆறிப்போன டீயும் கப்பலில் வந்த ஐசும்

பெருங்குடியில் ஒரு டீக்கடை. காலை நேரம். பழைய மகாபலிபுரம் சாலையில் வண்டிகள் ஊர்கின்றன.

கட்டிட வேலைக்குப் போகும் இளைஞர் ஒருவர் டீ வாங்குகிறார். அதற்குள் செல்போன் மணி அடிக்கிறது. பேசி முடித்து டம்ளரைத் தொட்டால், டீ ஆறிப் போயிருக்கிறது!

"என்னண்ணே இது, பச்சத் தண்ணியா இருக்கு?"

"நீ பேசி முடிக்கிற வரைக்கும் டீ காத்திருக்குமா தம்பி?" என்று சிரிக்கிறார் கடைக்காரர்.

ஏன் காத்திருக்காது? இதைச் சொல்வதற்கென்றே ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. வெப்ப இயக்கவியல் என்று அதற்குப் பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம்.

டம்ளரில் உள்ள டீயை மட்டும் தனியாகப் பாருங்கள். அதுதான் "அமைப்பு". காற்று, மேஜை, தெரு எல்லாம் அதன் "சுற்றுப்புறம்". டீ எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது என்பவை சேர்ந்தது அதன் "நிலை".

சூடு தானாகப் போகும்போது, அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கே போகும். டீயின் சூடு காற்றுக்குப் போகிறது. இரண்டும் ஒரே அளவுக்கு வந்ததும் ஓட்டம் நின்றுவிடும். இதுதான் "சமநிலை".

கொதித்து ஆறிய தண்ணீரும், குளிர்பெட்டியில் இருந்து எடுத்து வைத்த தண்ணீரும் 30 டிகிரிக்கு வந்துவிட்டால், எது எங்கிருந்து வந்தது என்று எந்த வெப்பமானியாலும் சொல்ல முடியாது. நிலைக்குப் பழைய கதை தெரியாது!

ஐஸ் ஹவுஸ்

சமநிலையைத் தாமதப்படுத்தலாம். பிளாஸ்க் செய்வது அதைத்தான். பிளாஸ்க் இல்லாத காலத்தில் இதை வைத்தே பணம் சம்பாதித்தவர் பிரடெரிக் டியூடர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வியாபாரி.

குளிர்காலத்தில் அங்கே ஏரிகள் உறைந்துவிடும். அந்த ஐசை அறுத்து, மரத்தூளில் புதைத்து, கப்பலில் ஏற்றினார். 1833-ல் 180 டன் ஐஸ் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. வெப்பமான கடல்களில் நான்கு மாதப் பயணம். போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. என்ன ஆச்சரியம்!

மரத்தூள் வெளிச் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். ஐசும் லேசில் கரையாது. ஒரு கிலோ ஐசைக் கரைக்கும் வெப்பம், அதே அளவு தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கப் போதும்.

சென்னைக்கு வந்த ஐசை வைக்க 1842-ல் கடற்கரையில் ஒரு கட்டிடம் எழுந்தது. பிறகு இந்த நாட்டிலேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கினார்கள். கப்பல் வியாபாரம் படுத்துவிட்டது. 1897-ல் விவேகானந்தர் தங்கியதும் அதே கட்டிடத்தில்தான். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆனாலும் அந்தப் பகுதிக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் கரையவில்லை!

சமமாகக் கூடாத உடம்பு

டீ ஆறினால் இன்னொரு டீ போடலாம். ஐஸ் கரைந்தால் வியாபாரிக்கு நஷ்டம். ஆனால் சுற்றுப்புறத்தோடு சமநிலைக்கு வரவே கூடாத அமைப்பு ஒன்று உண்டு. அது நம் உடம்பு.

உடம்பின் உள்சூடு சுமார் 37 டிகிரி. 2003-ம் ஆண்டு மே 31-ந் தேதி சென்னையில் வெயில் 45 டிகிரியைத் தொட்டது. அப்படிப்பட்ட நாளில் சூடு வெளியிலிருந்து உடம்புக்குள் பாயும். அதை வெளியேற்ற ஒரே வழி வியர்வை. அது காயும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான்.

வியர்வை வழிந்தால் மட்டும் போதாது, காய வேண்டும். பெருங்குடிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். காற்றில் ஈரம் கூடிப் புழுங்கும் நாளில் பானையும் சரியாகக் குளிராது, வியர்வையும் காயாது. அதனால்தான் வறண்ட ஊரின் 40 டிகிரியைவிடக் குறைவான வெயிலும் இங்கே ஆளைச் சாய்த்துவிடும். சாரத்தில் நின்று கலவை தூக்குகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

வெயிலில் வேலை செய்கிறவர் திடீரென்று உளறினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள். புரையேறிவிடும்.