கள்ளக்காசில் பிறந்த சொல்

என் தாத்தா மளிகைக் கடை வைத்திருந்தவர். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருங்கல் கிடக்குமாம். வெள்ளி ரூபாய் கைக்கு வந்தால் அதன்மேல் ஒரு தரம் போட்டுப் பார்ப்பார். கணீரென்றால் கல்லாவுக்குள் போகும். சொத்தென்று விழுந்தால் கொடுத்தவர் கைக்கே திரும்பிவிடும். அவர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சே அங்கு எழாது, சோதனை காசுக்குத்தான். போலி என்று பொருள்படும் 'போகஸ்' என்ற ஆங்கிலச் சொல் காதில் விழும்போதெல்லாம் அந்தக் கல் எனக்கு நினைவுக்கு வரும். அந்தச் சொல்லும் காசோடு பிறந்ததுதான்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம், ஈரி ஏரிக்குப் பக்கத்தில் பெயின்ஸ்வில் என்ற சிற்றூர், 1827. கள்ளக்காசுக் கும்பல் ஒன்று பிடிபட்டது. அவர்களிடமிருந்த இயந்திரத்தைப் பார்க்க ஊரே திரண்டது. இன்னதென்று விளங்காமல் நின்ற கூட்டத்தில் யாரோ ஒருவர் அதை 'போகஸ்' என்றாராம். பெயின்ஸ்வில் டெலிகிராஃப் இதழ் அந்தப் பெயரை அச்சேற்றியது. அதன் ஆசிரியர் ஈபர் ஹவ் முதுமையில் இந்தக் கதையை எழுதியும் வைத்தார். ஆக, அன்று போகஸ் என்றால் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஓர் இயந்திரம். பிறகு அதில் அடித்த காசுக்கும் அதே பெயர் வந்தது.

அந்தக் காசுக்கு ஏன் அவ்வளவு கிராக்கி? நல்ல நாணயத்துக்குப் பஞ்சமான காலம் அது. ஸ்பானிய வெள்ளி டாலர் அமெரிக்காவில் 1857 வரை சட்டப்படியே செல்லுபடியானது. தனியார் வங்கிகளோ ஆளுக்கொரு நோட்டு அடித்துக்கொண்டிருந்தன. மலிவான உலோகத்தில் ஒரு வில்லை, மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு, இரண்டு அச்சுகளுக்கு நடுவே ஓர் அழுத்து. காசு தயார். எது நல்லது எது கெட்டது என்று கண்டுபிடிக்கக் கடைக்காரர்கள் திணறினார்கள்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கதைகள் பல. போர்கேஸி என்ற மோசடிக்காரனின் பெயர் தேய்ந்து வந்ததென்று 1857இல் பாஸ்டன் இதழ் ஒன்று எழுதியது. சொல்லாராய்ச்சியாளர்கள் அதை ஏற்கவில்லை. வெர்மாண்ட் பக்கத்தில் விகாரமான பொருளை 'டான்ட்ராபோகஸ்' என்பார்கள். சாத்தானைக் குறிக்கும் பழைய இங்கிலாந்து வட்டார வழக்குக்கு அது உறவு என்றும், அதன் வால்தான் போகஸ் என்றும் சொல்வதுண்டு. என் மனசுக்கு ஒட்டுவது இதுவே. புரியாத இயந்திரத்தைப் பார்த்தவன் வாயில் பூச்சாண்டியின் பெயர் வருவது இயல்புதானே.

அடுத்த முப்பதாண்டுக்குள் சொல் காசைவிட்டு இறங்கி நடந்தது. கான்சாஸில் 1855 மார்ச்சில் தேர்தல். வாக்குரிமை உள்ளவர்கள் 2,905 பேர். விழுந்த வாக்குகளோ ஆறாயிரத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை, அடிமை முறையை ஆதரித்த மிசூரிக்காரர்கள் எல்லை தாண்டி வந்து போட்டுவிட்டுப் போன வாக்குகள். அப்படி அமைந்த சபையை அடிமை முறைக்கு எதிரானவர்கள் 'போகஸ் சட்டமன்றம்' என்றார்கள். இங்கேயும் கணக்கு கையில் இருந்தது. எண்ணிப் பார்த்துத்தான் சொன்னார்கள். கள்ள ஓட்டு தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம்முடைய 'போலி' புறப்பட்ட இடம் வேறு. போல இருப்பது போலி, அவ்வளவுதான். அறம் 'அறன்' ஆவதை இலக்கணம் கடைப்போலி என்று ஏற்றுக்கொள்கிறது, அதில் குற்றமில்லை. போகஸ் பிறக்கும்போதே குற்றத்தோடு பிறந்தது. அதனால்தான் இன்று அது மனிதர்மேல் விழுவது என்னை உறுத்துகிறது. போகஸ் கார்டு, போகஸ் டாக்டர் என்று நாம் சொல்லும்போது சரிபார்க்க ஒரு பதிவேடாவது இருக்கிறது. பிரிட்டனில் 1980களிலும் 90களிலும் அரசியல்வாதிகளும் செய்தித்தாள்களும் புகலிடம் கேட்டு வந்தவர்களை 'போகஸ்' என்றபோது, யாரை எந்தக் கல்லில் போட்டுப் பார்த்தார்கள்?

அந்தப் பேச்சின் நடுவே நம் ஆட்களும் இருந்தார்கள். 1987 பிப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஈழத் தமிழர்கள் திருப்பி அனுப்பப்படுவதை எதிர்த்து உடைகளைக் களைந்து நின்றார்கள். அவமானத்தை அவர்களாகவே ஏற்றுக்கொண்டு நின்ற அந்தக் காட்சியை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. அதே ஆண்டு, உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்கு ஆளொன்றுக்கு 1,000 பவுண்டு அபராதம் என்று சட்டம் வந்தது.

1988 பிப்ரவரியில் ஐந்து தமிழர்களின் கோரிக்கையை நிராகரித்து இலங்கைக்கு அனுப்பினார்கள். அவர்களில் மூவர் அங்கே துன்புறுத்தலுக்கு ஆளானார்கள். மேல்முறையீடு செய்யவும் நாட்டைவிட்டு வெளியே போன பிறகுதான் வழி இருந்தது. 1989 மார்ச்சில் அந்த முறையீட்டை விசாரித்த நடுவர், ஐவர் சொன்னதும் உண்மை, அவர்களுக்குப் புகலிடம் தந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அதற்குப் பிறகும் ஏழு மாதம் போனது. அக்டோபரில்தான் அவர்கள் மறுபடி லண்டனுக்கு விமானம் ஏறினார்கள்.