புல் வெட்டும் இயந்திரம்: ஓடாத நேரத்தில்தான் நஷ்டம்

ஏறி அமர்ந்து ஓட்டும் புல் வெட்டும் இயந்திரம் என்றால் பலருக்கும் கொழும்பு, நுவரெலியா கோல்ஃப் மைதானங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் கரையோர ஹோட்டல்கள், விளையாட்டு மைதானங்கள், பெரிய வளவுகள் என்று அதற்கு வேறு இடங்களிலும் வேலை உண்டு. பாவித்த இயந்திரம் ஒன்றை வாங்கி, புல் வெட்டுவதைக் கொந்தராத்தாக எடுத்துச் செய்யும் இளைஞர்களும் இருக்கிறார்கள்.

உதிரிப்பாக வியாபாரத்தில் இருப்பதால் இவர்கள் என்னிடம் வருவதுண்டு. மணித்தியாலத்துக்கு எத்தனை லீற்றர் பெற்றோல் போகும், பிளேட் என்ன விலை, பெல்ட் கிடைக்குமா என்றெல்லாம் கேட்பார்கள். இயந்திரத்தை எங்கே வைப்பது, எப்படி லொறியில் ஏற்றுவது, பாவித்து முடிந்த பின் என்ன செய்வது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. என் அனுபவத்தில் நஷ்டமும் ஆபத்தும் அதிகம் வருவது இந்த மூன்று இடங்களில்தான். புல் வெட்டும்போது எல்லோரும் கவனமாகவே இருக்கிறார்கள். எஞ்சின் நின்றதும் கவனமும் நின்று விடுகிறது.

நிறுத்தி வைக்கும்போது

முதலாவது விடயம் இடம். பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரமானது. அது மேலே போகாமல் தரையோடு படர்ந்து, தூரத்தில் இருக்கும் நெருப்பிலும் பற்றிக் கொள்ளும். ஆகவே குசினியை ஒட்டிய அறை, நுளம்புத் திரி கொளுத்தும் இடம், வெல்டிங் வேலை நடக்கும் மூலை ஆகியவை இதற்கு ஏற்றவையல்ல. காற்றோட்டமான, பூட்டக் கூடிய ஒரு கொட்டில் போதும். மேலதிக பெற்றோலை குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. எரிபொருளுக்கென்றே செய்த கலனில், பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

வேலை முடிந்து வந்தவுடன் இயந்திரத்தைத் தார்ப்பாயால் மூடி விடுவது பலரின் பழக்கம். சூடான சைலன்சரில் காய்ந்த புல் ஒட்டியிருந்தால் தீப்பிடிக்கக் கூடும். புல்லை அகற்றி, எஞ்சினை நன்றாக ஆற விட்ட பின்னரே மூட வேண்டும். பிளேட் இருக்கும் தட்டின் அடிப்பக்கத்தில் ஒட்டும் ஈரப் புல் இரும்பைத் தின்று விடும். கரையோரத்தில் உப்புக் காற்றும் அதனோடு சேர்ந்து கொள்ளும். அந்த இடத்தைச் சுத்தம் செய்யுமுன் சாவியை எடுத்து, பிளக் வயரையும் கழற்றி விடுங்கள். பிளேட்டைக் கையால் திருப்பும்போது எஞ்சின் ஒரு தடவை உதைத்தாலும் விரல் மிஞ்சாது.

கிழக்கில் மாரி மழையோடு புல் வளரும். கோடையில் கருகி விடும். அந்த மாதங்களில் இயந்திரம் சும்மா நிற்கும். ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப் போகிறதென்றால், பெற்றோலை வடித்தெடுத்து, கார்பரேட்டரில் மிஞ்சியது தீரும் வரை எஞ்சினை வெளியே வைத்து ஓட விடுங்கள். பெட்டரியின் மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடிக்குப் பிறகு, மாதக்கணக்கில் நின்ற இயந்திரங்களுக்காகப் பலர் என்னிடம் கார்பரேட்டர் தேடி வந்தார்கள். உள்ளே பெற்றோல் பிசினாகிப் போயிருந்தது.

ஏற்றிச் செல்லும்போது

"நானா, இரண்டு பலகை போதும்தானே?" என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: போதாது. சாதாரண ஏறி ஓட்டும் இயந்திரம் ஒன்றே 200 கிலோ அளவில் இருக்கும். பெரிய வகைகள் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எனக்குத் தெரிந்த ஒரு கொந்தராத்துக்காரர் இரண்டு பலகை வைத்து ஏற்றும்போது ஒன்று வழுக்கி, பக்கத்தில் நின்ற உதவிப் பையனின் கால் முறிந்தது. வைத்தியச் செலவை அவர் கொடுத்தார். ஆனால் அந்தப் பையனின் நாட்கூலியில்தான் அவனது வீட்டில் அடுப்பு எரிந்தது. வேலையில் காயமடைபவருக்கு நட்டஈடு வழங்கும் சட்டம் இந்நாட்டில் 1934ஆம் ஆண்டிலேயே வந்து விட்டது என்பதையும் முதலாளிமார் நினைவில் வைக்க வேண்டும்.

சரிவு 15 பாகையைத் தாண்டக் கூடாது என்பது தயாரிப்பாளர்கள் தரும் அறிவுரைகளில் ஒன்று. லொறித் தட்டு 3 அடி உயரமென்றால், சாய்வுப் பலகை ஏறத்தாழ 12 அடி நீளமாக இருக்க வேண்டும். அது இயந்திரத்தின் முழு அகலத்துக்கும் ஒரே பலகையாக இருப்பதே நல்லது. லொறியோடு அது இறுக்கமாகக் கொளுவப்பட்டிருக்கவும் வேண்டும். பிளேட் சுழல்வதை நிறுத்தி, தட்டை உயர்த்தி, மெதுவாக ஏற்ற வேண்டும். முன்பக்கமாக ஏற்றுவதா பின்பக்கமாக ஏற்றுவதா என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும், கைநூலைப் பாருங்கள். பின்னாலும் பக்கத்திலும் ஆட்கள் நிற்கக் கூடாது.

இன்னொரு விடயம் பலருக்குத் தெரியாது. ஹைட்ரோஸ்டாட்டிக் கியர் உள்ள இயந்திரங்களைத் தள்ளிக் கொண்டு போவதற்கென ஒரு சிறிய லீவர் உண்டு. அதை இழுத்து விட்டால் கியரின் பிடி இல்லாமல் சக்கரங்கள் சுதந்திரமாக உருளும். சமதரையில் அது உதவி. சாய்வுப் பலகையில் அது ஆபத்து.

லொறியில் ஏறியதும் தட்டை இறக்கி, கைப்பிரேக் போட்டு, பெற்றோல் டெப்பைப் பூட்டி, சாவியை எடுத்து விடுங்கள். நான்கு மூலைகளையும் சேஸிஸில் பட்டி போட்டு இறுக்க வேண்டும். ஸ்டீயரிங்கிலோ சீற்றிலோ கட்டுவது கட்டே அல்ல. பெற்றோல் கலனை நிரப்பும்போது லொறித் தட்டில் வைத்து நிரப்பாமல் தரையில் இறக்கி வையுங்கள். நிலை மின்சாரத்தின் ஒரு பொறியே தீப்பிடிக்கப் போதும்.

கழித்து விடும்போது

"இயந்திரம் பழுதானாலும் எஞ்சினை வோட்டர் பம்புக்குப் போடலாம்" என்று கணக்குப் போட்டுப் பழைய இயந்திரம் வாங்குபவர்கள் உண்டு. இவற்றில் பெரும்பாலான எஞ்சின்களின் சுழல் தண்டு கீழ்நோக்கி நிற்கும். சாதாரண வோட்டர் பம்புக்கோ படுக்கையான தண்டு வேண்டும். ஆகவே அந்தக் கணக்கு சரிவராது. ஸ்டார்ட்டர், சக்கரம், சீற், கியர்பெட்டி ஆகியவற்றைத் தனித்தனியாக விற்றால்தான் கொஞ்சமாவது காசு கிடைக்கும்.

மிஞ்சியதைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கலாம். ஆனால் அப்படியே கொடுப்பது அவரது உயிரோடு விளையாடுவதாகும். வெற்றுத் தாங்கிதானே என்று கேஸ் கட்டரை வைத்தால், உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். தாங்கியைக் கழற்றித் தனியாகக் கொடுத்து, "இது பெற்றோல் தாங்கி, வெட்ட வேண்டாம்" என்று வாயாலும் சொல்லுங்கள். பிளேட்டைச் சாக்கில் சுற்றிக் கொடுங்கள்.

கழிவு ஒயிலும் ஈயப் பெட்டரியும் 2008ஆம் ஆண்டின் சுற்றாடல் ஒழுங்குவிதிகளின்படி விசேடமாகக் கையாள வேண்டிய கழிவுகள். ஒயிலை வளவில் ஊற்றினால் அது கிணற்றுத் தண்ணீரைக் கெடுக்கும். ஒயிலை சேகரிக்கும் சேர்விஸ் நிலையத்திலும், பெட்டரியை அதை மீளப்பெறும் பெட்டரிக் கடையிலும் ஒப்படையுங்கள். பழைய டயரை வேலியோரம் எறிந்தால் நுளம்பு பெருகும். அதற்கு 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வழக்கும் வரலாம்.

எனவே கொந்தராத்துக்கு விலை கூறும்போது பெற்றோலையும் கூலியையும் மட்டும் கணக்கெடுக்காதீர்கள். ஒரு நல்ல சாய்வுப் பலகை, நான்கு பட்டிகள், கொட்டில் வாடகை, கழித்து விடும் செலவு ஆகியவற்றையும் முதல் நாளே சேர்த்து விடுங்கள். இவற்றைச் சேர்க்காமல் குறைந்த விலை கூறி வேலையைப் பிடிப்பவர், அந்த வித்தியாசத்தைத் தன் இலாபத்திலிருந்து கொடுக்க நேரிடும். இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கும் பையன் தன் உடம்பால் கொடுக்க நேரிடும்.