நாணயத்தில் ஏறிய நாய்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

"நாய் விற்ற காசு குரைக்குமா?" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்பதுண்டு. காசின் மேலேயே நாயைப் பொறித்து விற்கும் நாடுகளும் உலகில் உள்ளன. சீன ஆண்டுக் கணக்கையொட்டி வெளியிடப்படும் வெள்ளி நாணயங்களைத்தான் சொல்கிறேன். அவற்றைப் பற்றிச் சிறிது காண்போம்.

சீனர்களின் பழைய கணக்கில் ஆண்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு விலங்குகள் வருகின்றன. எலியில் தொடங்கிப் பன்றியில் முடியும் அவ்வரிசையில் நாய்க்குப் பதினோராம் இடம். இவற்றுடன் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்னும் ஐந்து மூலங்களும் சேர்கின்றன. ஒவ்வொரு மூலமும் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நிற்பதால் அது பத்தாண்டுச் சுற்று. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 60. ஆகவே ஒரே வகை நாய் ஆண்டு மீண்டும் வர அறுபது ஆண்டுகள் ஆகும். 1982 நீர் நாய், 1994 மர நாய், 2006 நெருப்பு நாய், 2018 மண் நாய். 2030 உலோக நாய்.

சீனா 1981-ல் சேவல் ஆண்டுக்கு நாணயம் வெளியிட்டு இவ்வரிசையைத் தொடங்கியது. மறு ஆண்டே நாய் வந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச்சாலை 1996-ல் பொன்னிலும் 1999-ல் வெள்ளியிலும் தொடங்கியது. பிரிட்டனின் அரச நாணயச்சாலை 2014-ல் குதிரையுடன் தொடங்கியது.

ஆண்டுக் கணக்கு "நாய்" என்று மட்டுமே சொல்கிறது. இன்ன இனம் என்று சொல்வதில்லை. அதைத் தேர்வது ஓவியரின் பொறுப்பு. 2018-ஆம் ஆண்டின் பிரிட்டன் நாணயத்தில் வூன்-கியான் ஹோ என்ற ஓவியர் துள்ளிப் பாயும் டெரியர் நாயை வரைந்தார். சீனத்துக்கே உரிய இனங்களும் பல உண்டு: பெக்கிங்கீஸ், பக், சௌ சௌ, ஷார்பெய். இவற்றுள் பெக்கிங்கீஸ் அரண்மனையில் வளர்ந்த நாய். 1860-ல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெக்கிங் கோடை அரண்மனையைச் சூறையாடியபோது அகப்பட்ட ஒரு நாய் விக்டோரியா அரசியிடம் சேர்ந்தது. அதற்கு இட்ட பெயர் "லூட்டி". கொள்ளையைக் குறிக்கும் "லூட்" என்ற அந்த ஆங்கிலச் சொல்லே இந்தியிலிருந்து போனதுதான்! ஓர் இனத்தின் பின்னால் எத்தனை வரலாறு ஒளிந்திருக்கிறது, பாருங்கள்.

இனி விலைக்கு வருவோம். இந்நாணயத்துக்கு மூன்று மதிப்புகள் உண்டு. முதலாவது, பொறித்த மதிப்பு: பிரிட்டனின் ஓர் அவுன்ஸ் நாணயத்தில் இரண்டு பவுன், ஆஸ்திரேலிய நாணயத்தில் ஒரு டாலர். இரண்டாவது, வெள்ளியின் மதிப்பு. ஓர் அவுன்ஸ் என்பது 31.1 கிராம், அவ்வளவு வெள்ளியின் விலை பொறித்த மதிப்பைப் போலப் பல மடங்கு. மூன்றாவது, சேகரிப்போர் தரும் மதிப்பு. எத்தனை நாணயங்கள் அடிக்கப்பட்டன, எவ்வளவு பழுதின்றி இருக்கின்றன என்பவற்றைப் பொறுத்து இது ஏறும், இறங்கும். பெர்த்தின் இரண்டாம் வரிசையில் (2008–2019) ஓர் அவுன்ஸ் நாணயத்துக்கு ஆண்டுக்கு 3,00,000 என்பது உச்சவரம்பு. மூன்று லட்சம் பேர் கையில் இருக்கக்கூடிய ஒன்றை "அரிய பொருள்" என்று யாராவது விற்க வந்தால் நாம் சற்று யோசிக்க வேண்டும்.

வெள்ளி முலாம் பூசிய போலிகளும் உலவுகின்றன. இங்கே நம் ஆய்வுக்கூடம் கை கொடுக்கும். வெள்ளியின் அடர்த்தி ஏறத்தாழ 10.5. எனவே 31.1 கிராம் வெள்ளி நாணயத்தை நூலில் கட்டி நீரில் மூழ்கவிட்டு நிறுத்தால் எடை ஏறத்தாழ 2.96 கிராம் குறைய வேண்டும். உள்ளே செம்பு இருந்தால், அதன் அடர்த்தி 8.96 ஆதலால், 3.47 கிராம் குறையும். அரை கிராம் வேறுபாட்டை நம் தராசு எளிதில் காட்டிவிடும். ஆயினும் உலோகங்களைத் தக்கபடி கலந்து அடர்த்தியை ஒப்பேற்றவும் முடியும். ஆகவே விட்டம், தடிமன் ஆகியவற்றையும் அளந்து பார்த்தல் நலம். ஆர்க்கிமிடீஸ் கிரீடத்துக்குச் செய்ததை நாம் நாய்க்காசுக்குச் செய்கிறோம், அவ்வளவே!

தமிழில் "நாணயம்" என்றால் காசு. நேர்மை என்றும் பொருள். நாயோ நன்றிக்குப் பெயர் பெற்றது. இரண்டும் ஒன்றாய் அமைந்த காசிலும் பொய் கலக்கிறதென்றால், குறை நாயிடம் இல்லை, வெள்ளியிடமும் இல்லை. பளபளப்பைப் பார்த்தவுடன் நம்பிவிடாமல் நிறுத்துப் பார்க்கும் பழக்கத்தைத்தான் அறிவியல் நமக்குக் கற்றுத் தருகிறது. அது காசுக்கு மட்டும் உரிய பாடம் அன்று.