பந்து தரையைத் தொடும் முன்

2024 டிசம்பரில் பிரிஸ்பேனில் ரவிச்சந்திரன் அஸ்வின் ஓய்வை அறிவித்தபோது அவர் கணக்கில் 106 டெஸ்ட்களில் 537 விக்கெட் இருந்தது. சராசரி 24. உடனே பழைய வழக்கும் கிளம்பியது. அந்த 537-இல் 383 சொந்த மண்ணில் எடுத்தவை. ஆஸ்திரேலியாவில் சராசரி 42-ஐத் தொடுகிறதே, இவரை மகத்தான ஸ்பின்னர் என்று எப்படிச் சொல்வது?

இதே அளவுகோலை மற்றவர்களுக்கும் வைத்துப் பார்க்கலாம். ஷேன் வார்ன் 708 விக்கெட் எடுத்தவர். இந்தியாவில் அவர் சராசரி 43. 800 விக்கெட் எடுத்த முரளிதரனுக்கு ஆஸ்திரேலியாவில் ஐந்து டெஸ்ட்களில் கிடைத்தது 12 விக்கெட்தான், ஒவ்வொன்றுக்கும் 75 ரன் கொடுத்து. இவர்களையும் அடித்துவிட்டால் பட்டியலில் மிச்சம் யார்? வெளிநாட்டுச் சராசரியில் ஆடுகளமும் எதிரணியும் மறுமுனையில் வீசியவரும் சேர்ந்தே கலந்திருக்கிறார்கள்.

அதனால் ஒரு ஸ்பின்னரை எடைபோட, பந்து தரையில் விழுவதற்கு முந்தைய பயணத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சுழலும் பந்து தன்னை உரசிச் செல்லும் காற்றை ஒரு பக்கமாகத் தள்ளும். பந்து எதிர்ப்பக்கம் நகரும். இதுதான் மேக்னஸ் விளைவு. பந்து முன்னோக்கி உருள்வதுபோலச் சுழன்றால், மட்டையாளர் கணித்த இடத்துக்கு முன்னாலேயே சட்டென்று இறங்கிவிடும். அது ‘டிப்’. சுழலும் அச்சு சாய்ந்திருந்தால் பக்கவாட்டில் நகரும். ஆஃப் ஸ்பின்னரின் நல்ல பந்து வலதுகை மட்டையாளருக்குக் காற்றில் ஸ்லிப் பக்கம் விலகி, பிட்ச் ஆனதும் உள்ளே திரும்பும். அந்த விலகல் ‘டிரிஃப்ட்’. பந்து திரும்பாத ஆடுகளத்திலும் இவை இரண்டும் வேலை செய்யும்.

ஃபார்மைக் கண்டுபிடிக்க மட்டையாளரின் கால்களைப் பாருங்கள். முன்னங்காலைப் போட்ட பிறகும் பந்து எட்டாமல் கையை நீட்டித் தேடுகிறாரா? அன்று விக்கெட்டே விழாவிட்டாலும் வீச்சாளர் நல்ல ஃபார்மில் இருக்கிறார். சாவகாசமாகப் பின்னங்காலில் போய் கட் அடிக்கிறாரா? ஐந்து விக்கெட் கிடைத்திருந்தாலும் எங்கோ கோளாறு.

2020 டிசம்பர், அடிலெய்ட். ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித் 29 பந்துகளில் 1 ரன். உள்ளே திரும்பும் என்று நம்பி அவர் மட்டையைக் கொண்டுவந்த அஸ்வினின் பந்து திரும்பாமல் நேரே போனது. விளிம்பில் பட்டு ஸ்லிப்பில் ரஹானேயின் கைக்குச் சென்றது. அதே டெஸ்டில் இந்தியா 36 ரன்னுக்குச் சுருண்டதால் முதல் இன்னிங்ஸில் அஸ்வின் எடுத்த 4 விக்கெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம். அடுத்து மெல்போர்னில் பந்து திரும்பி எழும்பியது. லெக் பக்கம் தட்டிவிடப் போன ஸ்மித், அங்கே நிறுத்தியிருந்த புஜாராவிடம் கேட்ச் கொடுத்து 0-வில் வெளியேறினார். திரும்பாத பந்து ஒன்று, திரும்பிய பந்து ஒன்று. இரண்டுக்கும் அவரிடம் பதில் இல்லை.

சிட்னியில் ஸ்மித் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டார். தொடக்கத்திலேயே அஸ்வினைத் தாக்கி ஆடி 131 எடுத்தார். அந்தக் காலத்தின் தலைசிறந்த டெஸ்ட் மட்டையாளரை, அவருடைய சொந்த நாட்டிலேயே அப்படி மாறவைத்த ஆஃப் ஸ்பின்னரை நான் முரளிக்கு அடுத்த இடத்தில் தயங்காமல் வைப்பேன்.